கோடு எங்கே தடிக்க வேண்டும்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சைக்குச் சித்திரம் படிக்கிறார். டச்சுபே கடற்கரையில் காலையில் இருந்து, முன்னால் ஒரு வள்ளமும் பின்னால் கோணேசர் மலையுமாகப் பென்சிலால் வரைந்திருக்கிறார். பென்சிலில் நன்றாக இருந்த படம், 0.5 மில்லிமீற்றர் பேனையால் மை போட்டதும் சின்னப் பிள்ளைகள் வர்ணம் தீட்டும் கொப்பியில் வருகிற படம்போல ஆகிவிட்டதாம். “கோட்டின் தடிப்பை மாற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கே தடிப்பு, எங்கே மெல்லிசு என்று ஒருவரும் சொல்வதில்லை. பேனை செட் ஒன்று வாங்கினால் சரிவருமா?” இதுதான் கேள்வி. படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

பேனை செட் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் படத்துக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பென்சிலால் வரையும்போது நீங்கள் கவனிக்காமலே ஒரு வேலை நடக்கிறது. கை அழுத்திய இடம் கறுக்கிறது, தளர்ந்த இடம் சாம்பலாகிறது. தூரத்து மலைக்கு வரும்போது கண் தயங்குகிறது, கோடும் கூடவே தயங்குகிறது. அதற்கு மேலே ஒரே பேனையை வைத்து எல்லாக் கோட்டையும் ஒரே அகலத்தில் இழுத்தால் அந்தச் சாம்பல் முழுவதும் போய்விடும். மையில் ஒன்று கறுப்பு, இல்லாவிட்டால் வெறும் கடதாசி. நடுவில் எதுவும் கிடையாது. ஆகவே பென்சில் சாம்பலால் சொன்னதை மை அகலத்தாலும் இடைவெளியாலும்தான் சொல்லியாக வேண்டும். மலையின் விளிம்பும் வள்ளத்தின் விளிம்பும் 0.5 ஆகவே இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற கடல் காணாமல் போவது அதனால்தான்.

சரி, தடிப்பை எங்கே மாற்றுவது? பொதுவாகச் சொல்லப்படும் விதிகள் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெளிக்கோடு தடிப்பு, உள்ளே உள்ள விவரம் மெல்லிசு. கிட்ட இருப்பது தடிப்பு, எட்ட இருப்பது மெல்லிசு. நிழல் பக்கம் தடிப்பு, வெளிச்சப் பக்கம் மெல்லிசு. பாரம் இறங்கும் இடம், பொருள் நிலத்தைத் தொடும் இடம் தடிப்பு. ஒவ்வொன்றும் தனியாகச் சரியானது. ஆனால் ஒரே படத்தில் எல்லாவற்றையும் போட்டால் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். இதைத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

உங்கள் படத்தையே எடுப்போம். டச்சுபேயில் நின்று, மலை இருக்கும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் பார்த்தால் கடல் வலது கையில். காலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. மலையின் வலது விளிம்பில் வெளிச்சம், அப்படியானால் மெல்லிசாக இருக்க வேண்டும். ஆனால் அது வெளிக்கோடு, அப்படியானால் தடிப்பாக இருக்க வேண்டும். தூரத்தில் இருப்பதால் மறுபடி மெல்லிசு. முன்னால் இருக்கும் வள்ளத்தின் வலது விளிம்பு கிட்ட இருப்பதால் தடிப்பு, வெயில் படுவதால் மெல்லிசு. என்ன செய்வது? நிறையப் பேர் இந்த இடத்தில் குழம்பி, கைக்கு வந்தபடி அங்கொன்று இங்கொன்று தடித்துவிடுவார்கள். கோடு நெளிந்து அழகாகத்தான் இருக்கும், ஆனால் மலை மலையாகத் தெரியாது. எல்லாக் கோடும் ஒரே தடிப்பில் இருப்பதை விட இது மோசம் என்பது என் கருத்து. ஒரே தடிப்பில் இருந்தால் குறைந்தபட்சம் அமைதியாவது இருக்கும்.

நான் செய்வது இது. மை போடுவதற்கு முன்னால், இந்தப் படத்தில் தடிப்பு எதைச் சொல்லப் போகிறது என்று ஒன்றே ஒன்றை முடிவு செய்வேன். தூரமா, வெளிச்சமா, உருவத்தின் பாரமா? அதுதான் தலைமை. மற்றவை அதற்குள் அடங்கி நடக்க வேண்டும். டச்சுபே காட்சிக்கு நான் தூரத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் வள்ளத்துக்கும் மலைக்கும் நடுவே கிடக்கும் தண்ணீர்தான் அந்தக் காட்சியின் விசேஷம். பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எல்லை கட்டுவேன். மலையில் எந்தக் கோடும் 0.2 ஐத் தாண்டக்கூடாது. நடுவில் உள்ள மணலும் ஆட்களும் 0.3 அளவில். வள்ளத்துக்கு 0.4 இல் தொடங்கி 1 மில்லிமீற்றர் வரை. வெளிச்ச விதி இந்த எல்லைகளுக்கு உள்ளே வேலை செய்யலாம்: மலையின் நிழல் பக்கம் 0.2, வெயில் பக்கம் 0.1 அல்லது கோடே இல்லை. வள்ளத்தின் வெயில் விளிம்பு 0.4, அடிப்பக்கம் 1. இப்படிச் செய்தால் மலையில் உள்ள மிகத் தடித்த கோடுகூட வள்ளத்தின் மிக மெல்லிய கோட்டை விட மெல்லிசு. இரண்டு விதியும் இருக்கின்றன, சண்டை இல்லை.

வள்ளத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் பழகுவதற்கு அதைவிட நல்ல பொருள் நம் ஊரில் கிடையாது. மணலில் இழுத்து விட்டிருக்கும் வள்ளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதன் அடிப்பாகம் மணலில் பதியும் இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருக்கும், அங்கே வெளிச்சமே போகாது. அந்த இடத்தில்தான் படத்தின் மிகத் தடித்த கோடு வர வேண்டும். அதுவும் நீளம் முழுவதும் ஒரே மாதிரி வேண்டாம். உண்மையாகப் பாரம் இறங்கும் நடுப்பகுதியில் தடித்து, இரண்டு பக்கமும் போகப்போக மெலிந்து, மணலை விட்டு எழும்பும் இடத்தில் காணாமல் போகட்டும். அது ஒன்று சரியாக விழுந்தாலே வள்ளம் நிலத்தில் உட்கார்ந்துவிடும். மேல் விளிம்பு அணியத்தை, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தை, நோக்கி உயரும்போது கோடு மெலிய வேண்டும். அணியத்தின் நுனியில் வெயில் நேராகப் படுகிறதென்றால் கோட்டை முறித்துவிடுங்கள். இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விட்டாலும் பார்க்கிறவர் கண் அதை நிரப்பிக்கொள்ளும்.

உள்ளே கிடக்கும் வலை, கயிறு, மிதவைகள் எல்லாம் உங்கள் படத்தில் வள்ளத்தின் ஓரத்தை விடத் தடிப்பாக இருக்கின்றன. வலையின் ஒவ்வொரு கண்ணையும் பொறுமையாக வரைந்திருக்கிறீர்கள். பாராட்ட வேண்டிய பொறுமைதான். ஆனால் 0.5 இல் வரைந்த வலை தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கட்டி. வலைக் குவியலின் வெளி வடிவத்தைக் கொஞ்சம் தடித்த கோட்டில் போட்டு, மடிப்பு விழும் இடங்களில் மட்டும் மிக மெல்லிய கண்கள் சில வரைந்தால் போதும், மிச்சத்தை வெறும் கடதாசியாக விடலாம்.

இன்னொரு விஷயம், ஒன்றை ஒன்று மறைக்கும் இடங்கள். வள்ளத்தின் விளிம்புக்குப் பின்னால் வள்ளத்தைச் செலுத்தும் சவள் கம்பு ஒன்று நிற்கிறது என்றால், கம்பின் கோடு விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட வேண்டும். மயிரிழை அளவு வெள்ளை இடைவெளி. அல்லது அதற்கு நேர்மாறாக, முன்னால் உள்ள விளிம்பு அந்தச் சந்தியில் மட்டும் சற்றுத் தடிக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் எது முன், எது பின் என்று உடனே தெரியும். உங்கள் படத்தில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் முட்டும் இடம் நிறைய. அவற்றைத் திருத்தினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

கோடே வேண்டாத இடங்களும் உண்டு. கோணேசர் கோவிலடியில் நின்று பார்க்கும் இராவணன் வெட்டை இரண்டு தடித்த கோடுகளாக வரைகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது பாறையில் உள்ள பிளவு. ஆழத்தில் இருட்டு. இருட்டைக் கறுப்பாக நிரப்பி, ஒரு பக்க விளிம்பை மட்டும் மெல்லிய கோட்டால் தொட்டால் ஆழம் தானாக வரும். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களிலும் இதே கதைதான். புள்ளிகளைச் சுற்றி வட்டம் போடக்கூடாது. மானின் கழுத்துக்குக் கீழும் வயிற்றுக்குக் கீழும் கோடு தடிக்கட்டும், முதுகில் மெலிந்து முறியட்டும், உடலில் மெல்லிய நிழல் கோடுகள் போட்டுப் புள்ளி உள்ள இடத்தை வெறுமனே விட்டுவிடுங்கள்.

பத்திரகாளி அம்பாள் கோவில் கோபுரத்தை வரைய ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். கோபுரத்தில் சுதைச் சிற்பங்களுக்கு முடிவே இல்லை. அத்தனைக்கும் வெளிக்கோடு போட்டால் வலைக்கு நடந்ததே நடக்கும். அங்கே தலைமையை வெளிச்சத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு தளத்திலும் வெளியே நீளும் விளிம்பான கொடுங்கைக்கு அடியில் விழும் நிழலைத் தடித்த, உடைந்த கோடாகப் போட்டால் தளங்கள் பிரிந்து நிற்கும். அதன் பிறகு சிற்பங்களில் சிலவற்றை மட்டும் மெல்லிய பேனையால் முழுமையாக வரைந்து, மற்றவற்றைத் தலை, தோள், கை என்று குறிப்பாகக் காட்டினால் போதும். ஆனந்த விகடனில் தமிழ்நாட்டுக் கோவில்களை வரைந்த சில்பியின் பழைய படங்கள் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு தூணில் எதை முழுக்கச் சொல்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்று தேடிப் பார்ப்பதே ஒரு பாடம். கோட்டின் வேகத்தையும் உடைவையும் பார்க்க வேண்டுமானால் தமிழ்நாட்டு ஓவியர் கே. எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969 இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள்.

தடிப்பு மாற்றம் தனியாக எவ்வளவு தூரம் போகும் என்று அறிய ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. இது பேனை ஓவியம் அல்ல, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது. 1649 இல் பிரெஞ்சுக் கலைஞர் குளோட் மெலான், கிறிஸ்தவ மரபுக் கதையில் வரும் வெரோனிக்காவின் துணியில் பதிந்த கிறிஸ்துவின் முகத்தைச் செதுக்கினார். மூக்கின் நுனியில் தொடங்கும் ஒரே ஒரு கோடு சுருளாகச் சுற்றிச் சுற்றிப் படத்தின் ஓரம் வரை போகிறது. குறுக்குக் கோடு கிடையாது, வெளிக்கோடு கிடையாது. கண், தலைமயிர், முள்முடி எல்லாமே அந்தச் சுருள் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிவதால் மட்டும் தெரிகின்றன. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கண்ணிமைக்குப் பக்கத்தில் அந்தக் கோடு எப்படி வீங்குகிறது என்று பார்த்த பிறகு, வெளிக்கோட்டைத் தடிப்பதுதான் தடிப்பு என்ற எண்ணம் போய்விடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெல்ஜியச் சித்திரக்கதைக் கலைஞர் ஹெர்ஜே கிட்டத்தட்ட ஒரே தடிப்பில்தான் எல்லாவற்றையும் வரைந்தார். அந்தப் பாணிக்குத் தெளிகோடு என்று பொருள்படும் பெயரை 1977 இல் யூஸ்ட் ஸ்வார்ட்டே என்ற டச்சுக் கலைஞர் வைத்தார். ஆனால் அங்கே தளங்களைப் பிரிக்கும் வேலையைத் தட்டையான நிறங்கள் பெருமளவுக்குச் செய்துவிடுகின்றன. நீங்கள் நிறம் தீட்டப் போகிறீர்கள் என்றால் தடிப்பு மாற்றத்தைக் குறைத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையிலேயே விடப் போகிறீர்கள் என்றால் குறைக்க முடியாது.

இப்போது பேனைக் கதை. செட் வேண்டாம் என்றதற்குக் காரணம் எண்கள். சக்குரா பிக்மா மைக்ரோன் என்ற வரைபேனை வகையில் 005 என்றால் 0.20 மில்லிமீற்றர், 01 என்றால் 0.25, 03 என்றால் 0.35, 05 என்றால் 0.45, 08 என்றால் 0.50. பேனையில் எழுதியிருக்கும் எண்ணும் மில்லிமீற்றரும் ஒன்றல்ல. 05 க்கும் 08 க்கும் நடுவே வித்தியாசம் வெறும் 0.05. பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆறு பேனை வாங்கி ஆறு தடிப்பு என்று நினைப்போம், கண்ணுக்குத் தெரிவது இரண்டோ மூன்றோதான். பொறியியல் வரைபடக்காரர்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள். அவர்களுடைய பேனைகள் 0.18, 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 என்று ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய 1.4 மடங்கு கூடுகின்றன. மெல்லிய கோட்டையும் தடித்த கோட்டையும் வேறாகக் காட்ட இரண்டு மடங்கு வித்தியாசம் வைப்பது வழக்கம். ஆகவே நீங்கள் 005 ஒன்றும் 05 ஒன்றும் வாங்குங்கள். அதற்கு மேலான தடிப்பை, அடுத்துச் சொல்லும் முறையில் அதே பேனையால் கொண்டுவரலாம். போதும்.

கையில் 0.5 மட்டும்தான் இருக்கிறதா? அதிலும் தடிப்பை மாற்றலாம். முதலில் கோட்டைச் சாதாரணமாக இழுங்கள். தடிக்க வேண்டிய இடத்தில், அதே கோட்டின் நிழல் பக்கமாக, அதே புள்ளியில் தொடங்கிச் சற்றே விலகி மறுபடி வந்து சேர்கிற இரண்டாவது கோடு ஒன்று போட்டு நடுவை நிரப்புங்கள். ஆப்பு வடிவம் வரும், நுனி கூர்மையாக முடியும். மெல்லிய கோட்டுக்குப் பேனையை வேகமாக இழுத்து, முடிவில் ஓட்டத்தோடு கடதாசியிலிருந்து தூக்கிவிட வேண்டும். அழுத்தி மட்டும் எழுதாதீர்கள். இந்தப் பேனைகளின் நுனி அழுத்தினால் தடிக்காது, உள்ளே போய்க் கெட்டுப்போகும்.

அழுத்தினால் தடிக்க வேண்டும் என்றால் மையில் தோய்த்து எழுதும் உலோக நிப் வேண்டும். நிப்பின் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. உங்களை நோக்கி இழுக்கும்போது அழுத்தினால் இரண்டு காலும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் சேர்ந்து மெலியும். மேலே தள்ளினால் கடதாசியில் குத்தி மையைத் தெறிக்கும். அதனால் கையைத் திருப்புவதை விட்டுக் கடதாசியைத் திருப்பப் பழக வேண்டும். ஜப்பானிய மங்கா கலைஞர்கள் பாவிக்கும் ஜி நிப் நன்றாக விரியும், தொடங்குவதற்கு நல்லது. புது நிப்பில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைக்காவிட்டால் மை ஒட்டாமல் திரண்டு நிற்கும். நம் ஊர் கடற்காற்றில் அந்த எண்ணெய் போன பிறகு நிப் சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் கழுவி நன்றாகக் காயவைத்து மூடிவையுங்கள். அப்புறம், இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையை ஊற்றுப் பேனையில் மட்டும் ஊற்றாதீர்கள். அதில் உள்ள அரக்கு காய்ந்து பேனையை அடைத்துவிடும்.

காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் மூங்கிலையோ நாணலையோ சரிவாக வெட்டி, நுனியில் ஒரு பிளவு கீறி எடுங்கள். வான்கோ 1888 இல் ஆர்ல் ஊரில் இருந்தபோது நாணல் பேனையால் வயல்களையும் மரங்களையும் வரைந்தார். நாணல் பேனையில் மை கொஞ்ச நேரம்தான் நிற்கும். கோடு தடித்துத் தொடங்கி வறண்டு முடியும். அந்த வறட்சி பாறைக்கும் பனைமரத்துக்கும் நன்றாகப் பொருந்தும்.

தூரிகையைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் முதல் வருடம் அதற்குப் போக வேண்டாம் என்பேன். தடிப்பு அதில் மிக எளிதாக மாறும், அதுதான் ஆபத்து. என்ன காரணத்துக்காக மாற்றுகிறோம் என்பது பிடிபடுவதற்கு முன்பே கை அலங்காரத்துக்குப் பழகிவிடும். டிஜிட்டலிலும் இதேதான்.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிப்பில் மை நிமிடக்கணக்கில் காய்ந்து, கோடு திடீரென்று நின்றுவிடும். அடிக்கடி துடைக்க வேண்டும், மை தடித்தால் ஒரு துளி சுத்தமான தண்ணீர் விடலாம். மாரியில் கடதாசி ஈரம் குடித்திருக்கும். 0.2 கோடு ஊறிப் பரவும், உங்கள் மெல்லிய மலை தடித்துவிடும். போட்டோகொப்பிக் கடதாசியில் இது மிக மோசம். பிரிஸ்டல் போர்ட் என்ற மழமழப்பான தடித்த தாளில் குறைவு. பாவிக்கிற தாளின் ஓரத்தில் எல்லாப் பேனையாலும் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி: உங்கள் பென்சில் படத்தை யன்னல் கண்ணாடியில் வைத்து மூன்று தாளில் மெல்லிசாகப் பிரதி எடுங்கள். ஒன்றில் தூரத்துக்காக மட்டும் தடிப்பை மாற்றுங்கள், ஒன்றில் வெளிச்சத்துக்காக மட்டும், ஒன்றில் பாரத்துக்காக மட்டும். வேறு எந்த விதிக்கும் இடம் கொடுக்க வேண்டாம். மூன்றையும் சுவரில் ஒட்டி, அறையின் மறுமுனையிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்தப் படத்தில் கடல் தெரிகிறதோ அதைத் தலைமையாக வைத்து நான்காவதை வரையுங்கள்.

ஏ3 தாளில் வரைந்து ஏ4 க்குச் சிறிதாக்கப் போகிறீர்கள் என்றால், கோடுகளும் 71 சதவீதமாகச் சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம். 0.35 என்பது 0.25 ஆகும், 0.2 என்பது 0.14 ஆகும். கைபேசியில் இன்னும் கஷ்டம். ஏ4 அகலப் படத்தை 1080 பிக்சலுக்குக் குறைத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 0.19 மில்லிமீற்றர். 0.1 கோடு அரைப் பிக்சல் ஆகி, கறுப்பாக இல்லாமல் மங்கல் சாம்பலாகத் தெரியும்.  அடுத்த முறை 600 டிபிஐயில் ஸ்கான் செய்து அனுப்புங்கள், வள்ளத்தின் அடிக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.